வெள்ளைக்காரனின் 'இல்லை'களும் முனாப் மாஸ்டரும்

திருகோணமலைத் துறைமுகத்தை ஐம்பத்தேழாம் ஆண்டில் கையளித்துவிட்டுக் கப்பலேறிய ஆங்கிலேயக் கடற்படை, போகும்போது எதையெல்லாம் விட்டுப்போனது என்று பட்டியல் போட்டவர்கள் உண்டு. எண்ணெய்த் தாங்கிகள், பாரந்தூக்கிகள், பட்டறைகள், துருப்பிடித்த நங்கூரங்கள் என்று அது நீளும். பட்டியல் போட்டவர்கள் கவனமானவர்கள்தான். ஆனாலும் முனாப் மாஸ்டரை விட்டுவிட்டார்கள்.

முனாப் அப்போது மாஸ்டர் அல்ல. கடற்படை அதிகாரிகளின் சாப்பாட்டு மண்டபத்தில் பதினான்கு வருடம் சூப் பரிமாறியவர். அந்த வேலைக்கு இரண்டு பகுதிகள். கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைப்பது முதற்பகுதி. அடுத்த கோப்பைக்கு நேரம் வரும்வரை அதிகாரியின் கதிரைக்குப் பின்னால் சுவர் மாதிரி அசையாமல் நிற்பது இரண்டாம் பகுதி. இரண்டாவதுதான் கஷ்டம். மூக்கில் வந்து குந்துகிற இலையான்கூட முடியாட்சிக்குச் சொந்தமான இலையான், தட்டக்கூடாது.

இப்படிப் பதினான்கு வருடம் அடக்கிவைத்த அசைவு முழுவதும், கடற்படை போன மறுநாள் காலையில் அவருடைய கால்களுக்குள் இறங்கியது. அன்று தொடக்கம் அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பேப்பரை வாசலில் தொடங்கிக் கிணற்றடியில் முடிப்பார். சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்கும் முன்னறைக்கும் நடந்து நடந்து சாப்பிடுவார். அவருடைய மனைவி அசனா, அவருக்குக் கறி வைக்கத் தனக்கொரு சைக்கிள் வேண்டும் என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

கதிரைக்குப் பின்னால் நின்ற காலத்தில்தான் அவர் ஆங்கிலம் படித்தார். புத்தகத்தில் படித்த ஆங்கிலமல்ல. புத்தகத்தில் 'நோ' என்றால் இல்லை, 'யெஸ்' என்றால் ஓம். அதோடு விஷயம் முடிந்தது. பிடரிப் பக்கமாக நின்று படித்தவருக்குத் தெரிந்த உண்மை வேறு. வெள்ளைக்காரன் 'இல்லை' என்று சொல்வதை அநாகரிகமாக நினைக்கிறான். ஆனால் அவனுக்கு இல்லை என்று சொல்லவேண்டிய தேவை நாளுக்கு முப்பது முறை வருகிறது. ஆகவே அவன் ஒன்றுபோல இருக்கும் இரண்டு வசனங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றில் ஓமையும் மற்றதில் இல்லையையும் ஒளித்துவைக்கிறான்.

உதாரணமாக, 'ஐ வில் டூ வட் ஐ கேன்' என்று ஓர் அதிகாரி சொன்னால், என்னால் முடிந்ததைச் செய்கிறேன் என்று கருத்து. அவர் கட்டாயம் ஒரு கடிதமாவது எழுதுவார். 'ஐ வில் சீ வட் ஐ கேன் டூ' என்றால், என்ன செய்யலாமென்று பார்க்கிறேன் என்று கருத்து. அவர் அந்தப் பக்கமே பார்க்கமாட்டார். கிட்டத்தட்ட அதே சொற்கள்தான், இடம் மாறி இருக்கின்றன. முதல் வசனத்தைக் கேட்ட சலவைத் தொழிலாளியின் தம்பிக்கு மூன்று கிழமையில் வேலை கிடைத்ததையும், இரண்டாவதைக் கேட்ட ஆறு பேர் இன்னும் கேட்டுக்கொண்டே இருப்பதையும் முனாப் தன் கண்ணால் கண்டார்.

அன்பளிப்புகளிலும் இதே விளையாட்டு. 'வெரி கைண்ட் ஒஃப் யூ', உங்கள் அன்புக்கு நன்றி, என்று வாங்கிய பொருளை அதிகாரி அறைக்குக் கொண்டுபோவார். 'ஹவ் கைண்ட்', எவ்வளவு அன்பு, என்று வாங்கிய பொருள் பின்னேரத்துக்குள் வேலைக்காரர் கைக்கு வந்துவிடும். இந்த இரண்டாவது வசனத்தின் புண்ணியத்தில் முனாப் வீட்டில் பல வருடம் முந்திரிப்பருப்புக்குக் குறைவிருக்கவில்லை.

இவ்வளவு பெரிய அறிவுக்கு வந்த சோதனையும் அதே அளவு பெரிது. கடற்படை போகிற கடைசிக் கிழமை, ஹார்கிரீவ்ஸ் என்ற துரை சாப்பாட்டு மண்டபத்து ஆட்கள் இருபத்துமூன்று பேருக்கும் நற்சான்றிதழ் எழுதினார். அந்தக் காலத்தில் அந்தத் துண்டுதான் ஒருவனுடைய எதிர்காலம். தலைப்பில் அரச முடி அச்சடித்த ஒரு தாள், கீழே ஒரு கையெழுத்து, நடுவில் இரண்டு வரி. கோப்பை கழுவிய இராசதுரைக்கு 'ரிலயபிள் மேன்', நம்பத்தகுந்தவர், என்று எழுதியிருந்தது. முனாப்புக்கு எழுதியிருந்தது ஒரே வரி: 'ஹீ ஹாஸ் ஆல்வேய்ஸ் டன் ஹிஸ் பெஸ்ட்.' எப்போதும் தன்னால் இயன்றதைச் செய்தார்.

மற்றவர்கள் வாசித்துவிட்டு நல்லது என்றார்கள். முனாப் அதை அப்படி வாசிக்கவில்லை. அதிகாரிகளின் கிரிக்கெட் கோஷ்டி தோற்றுப்போய்ச் சாப்பாட்டுக்கு வந்த ஒவ்வொரு முறையும் மேசைத் தலைமாட்டிலிருந்து வந்த வசனம் அது. வென்ற நாட்களில் 'தே டிட் வெல்', நன்றாகச் செய்தார்கள். தோற்ற நாட்களில் 'தே டிட் தெயர் பெஸ்ட்', இயன்றதைச் செய்தார்கள். பதினான்கு வருடத்துச் சூப் கடைசியில் தோற்ற கோஷ்டியாகிவிட்டதா, அல்லது இருபதாவது ஆளாக வரிசையில் நின்றதால் துரையின் கை களைத்துவிட்டதா? கேட்டுத் தெளிய ஆளில்லை. துரை கப்பலேறிவிட்டார். முனாப் அந்தத் தாளை அலுமாரியில் தான் உடுக்கிற சாரங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, நடக்கத் தொடங்கினார்.

நடை அவரை உட்துறைமுக வீதியில் ஓர் இரும்புக் கடையின் மேல்மாடிக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கே ஒரு பலகையைத் தொங்கவிட்டார். 'ஆங்கிலம்: ஒன்றுபோல் தோன்றும் வசனங்களின் வேற்றுமை. மாலை நாலரை முதல் ஆறு வரை.' இப்படித்தான் அவர் மாஸ்டரானார்.

கப்பல் முகவர்களின் எழுதுவினைஞர்கள், சுங்கப் பகுதிக்காரர், கடைக்காரர் என்று வகுப்பு நிறைந்தது. மாஸ்டர் நடந்துகொண்டே படிப்பிப்பார். மாணவர்கள் கழுத்தைத் திருப்பிக்கொண்டே படிப்பார்கள். கெட்டிக்கார மாணவி, தட்டெழுத்துப் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பூரணி. ஓர்ஸ் ஹில்லிலிருந்து குடையோடு வருவாள். மாஸ்டர் எந்த மூலைக்குப் போனாலும் அவளுடைய கேள்வி அங்கே அவருக்கு முன் போய் நிற்கும்.

வகுப்பால் ஊருக்கு விளைந்த நன்மையை அளவிட முடியாது. அதுவரை கடைக்காரர்கள் முடி அச்சடித்த தாளைக் கண்டவுடன் ஆளை வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பலசரக்குக் கடை சிவகுருநாதன் நாலு பாடம் படித்தார். ஐந்தாம் நாள் தன் கடையிலிருந்த மூன்று பேருடைய நற்சான்றிதழ்களையும் எடுத்துத் திரும்ப வாசித்தார். அன்றிலிருந்து அவருக்கு அவர்களைக் கண்டால் பிடிக்கவில்லை. அவர்கள் மூன்று வருடமாக ஒரு பிழையும் செய்யாதது அவருடைய சந்தேகத்தை இன்னும் வலுப்படுத்தியது. அக்கா தங்கையைக் கட்டிய இரண்டு பேருக்கு ஒரே கொழும்பு முதலாளியிடமிருந்து புதுவருட வாழ்த்து வந்தது. ஒருவருக்கு 'பெஸ்ட் விஷஸ்', நல்வாழ்த்துகள்; மற்றவருக்கு 'கைண்டெஸ்ட் ரிகார்ட்ஸ்', அன்பான வணக்கங்கள். எது நெருக்கம் என்று மாஸ்டரிடம் வந்து கேட்டார்கள். மாஸ்டர் நேர்மையாகப் பதில் சொன்னார். இரண்டு குடும்பமும் தீபாவளி வரைக்கும் கதைக்கவில்லை.

இவ்வளவு உபயோகமான வகுப்பும் தேயத்தான் செய்தது. அரசாங்க உத்தியோகத்துக்குச் சிங்களம் தேவையென்றான பிறகு, அதற்கும் மேலே இருந்த மாடியில் ஒருவர் சிங்கள வகுப்பு தொடங்கினார். படியேறி வருகிற காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டு மாஸ்டர் வாசலுக்கு வருவார். காலடி அவரைத் தாண்டிப் போய்விடும். அறுபத்துநாலாம் ஆண்டு தை மாதம் வகுப்பில் நாலு பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். மாஸ்டருக்கு நாற்பத்தாறு வயது, வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள்.

அப்போதுதான் கொழும்புக் கம்பனியொன்று கடற்கரையோரமாகக் கட்டிய புது ஹோட்டலுக்குத் தலைமைப் பரிசாரகர் தேவை என்று விளம்பரம் வந்தது. முகாமையாளர் கனகசுந்தரம், கொழும்பில் வளர்ந்தவர். அவருடைய தட்டெழுத்தாளர் வேறு யாருமல்ல, பூரணிதான். விளம்பரத்தின் கடைசி வரி, முந்திய எசமானின் நற்சான்றிதழைக் கையோடு கொண்டுவரவேண்டும் என்றது.

"அதுதான் அலுமாரியில இரிக்கே," என்றாள் அசனா.

"அதைக் காட்டினா வேலை கிடையாது."

"அப்ப காட்டாம விட்டா?"

"அப்பயும் கிடையாது."

"அப்ப காட்டுங்க. ரெண்டும் ஒண்டுதானே. நடந்து நடந்து சீமெந்து தேயுது."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முனாப் மாஸ்டர் கனகசுந்தரத்தின் மேசைக்கு முன்னால் நின்றார். நின்றார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். கனகசுந்தரம் தாளை வாங்கி வாசித்தார். நல்ல மனுஷன், அவருக்கு அது நல்லதாகத்தான் பட்டிருக்கும். ஆனால் திருகோணமலைக்கு வந்து மூன்று மாதத்துக்குள், இந்த ஊரில் ஆங்கிலத் தாள் எதையும் நம்பக்கூடாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். தாளைப் பூரணியிடம் நீட்டினார்.

"பிள்ளை, இது நல்லதோ கூடாததோ?"

பூரணி வாசித்தாள். அந்த வசனத்தை அவள் கொப்பியில் மூன்றாம் பாடத்தில் எழுதியிருந்தாள். கிரிக்கெட் மேசைக் கதையோடு சேர்த்து எழுதியிருந்தாள். அது மாஸ்டருக்கே எழுதப்பட்ட வசனம் என்பதை மட்டும் அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அவள் மாஸ்டரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நல்லது சேர். மிச்சம் நல்லது. இதுக்கு மேல எழுத ஏலாது."

வேலை கையில் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இன்னும் அரை நிமிடம் நின்றிருந்தால் போதும். பதினான்கு வருடம் வாயை மூடிக்கொண்டு நின்ற மனுஷனுக்கு அந்த அரை நிமிடம் முடியவில்லை.

"பிள்ளை, அப்பிடிச் சொல்லாதீங்க," என்றார் முனாப் மாஸ்டர். "நான் என்ன படிப்பிச்சனான்?"

பிறகு அவர் மேசையைச் சுற்றி நடந்து, கனகசுந்தரத்துக்கு மூன்றாம் பாடத்தை முழுவதுமாக எடுத்தார். வென்ற கோஷ்டிக்கு என்ன வசனம், தோற்ற கோஷ்டிக்கு என்ன வசனம், இந்தத் தாளில் இருப்பது எது என்பதையெல்லாம் ஒளிக்காமல் விளக்கினார். பூரணி தட்டெழுத்து இயந்திரத்தில் ஒரு தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

கனகசுந்தரம் முழுவதையும் கேட்டார். பிறகு குசினியிலிருந்து ஒரு சூப் கோப்பையை விளிம்புவரை தண்ணீர் நிரப்பிக்கொண்டு வரச்சொன்னார். அதைச் சாப்பாட்டு அறையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை கொண்டுவந்து தன் இடப்பக்கமாக வைக்கும்படி மாஸ்டரிடம் கேட்டார். மாஸ்டர் கொண்டுவந்து வைத்தார். கனகசுந்தரம் மேசைவிரிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். எழுந்து கைகொடுத்தார்.

"வீ வில் லெட் யூ நோ," என்றார்.

அறிவிக்கிறோம் என்று கருத்து. படிக்காத ஒருவன் இதைக் கேட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பான். மாஸ்டர் படித்தவர். சாப்பாட்டு மண்டபத்துக்கு வேலை கேட்டு வந்தவர்களில், 'யூ வில் ஹியர் ஃப்ரம் அஸ்', எங்களிடமிருந்து கடிதம் வரும், என்ற வசனத்தைக் கேட்டவர்களுக்கு வேலை வந்தது. 'லெட் யூ நோ' கேட்டவர்கள் படலையடியில் நின்று வெயிலில் கறுத்துப்போனார்கள்.

புதன்கிழமை முழுவதும் அவர் நடந்தார். படலைக்கும் கிணற்றுக்கும், கிணற்றுக்கும் படலைக்கும். தபாற்காரர் தெருவில் போகிற நேரத்துக்குக் கிணற்றடியில் நின்றார். போன பிறகு படலைக்கு ஓடிவந்தார். வியாழன் விடிந்ததும் சாரம் இரண்டை மடித்துப் பையில் வைத்தார். அசனாவின் தம்பி கலீலுர் றஹ்மான் மூதூரில் நெல் வியாபாரி. அவருக்கு ஈச்சிலம்பற்றில் வயல் வெட்டு, அறுவடை, நடந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"பதில் வரமுந்தி எங்க போறீங்க?" என்று அசனா கேட்டாள்.

"பதில் வந்திட்டு. நீ கேக்கல்ல, நான் கேட்டனான்."

"கடிதம் வந்தா?"

"வரும். வேண்டாமெண்டு சொல்லுறதையும் அவங்க தாளில அடிச்சு, ஒட்டி, முத்திரை குத்தித்தான் அனுப்புவாங்க. அது அவங்கட மரியாதை. வந்தா உடைக்காத. அலுமாரியில போடு."

விரிகுடாவைக் கடக்கிற காலை லாஞ்சில் மூதூருக்குப் போனார். லாஞ்சிலும் அவர் இருக்கவில்லை. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடந்ததில் இரண்டு பேருக்கு வாந்தி வந்தது.

கடிதம் அடுத்த புதன்கிழமை வந்தது. கணவர் சொல்லைத் தட்டாத பெண்ணென்று அசனாவை ஊரில் யாரும் சொன்னதில்லை. இந்த ஒரு முறை மட்டும் அவள் தட்டவில்லை. அலுமாரியில், தாள் இருந்த அதே சாரங்களுக்கு அடியில் கடிதம் போனது.

திங்கட்கிழமை மத்தியானம் பூரணி குடையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தாள். காலை எட்டு மணிக்கு வேலைக்கு வரவேண்டிய மாஸ்டர் ஏன் வரவில்லை என்று கேட்டாள். அசனா அவளைப் பார்த்தாள். பிறகு அலுமாரியைப் பார்த்தாள். கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பூரணி உடைத்து, தமிழில் வாசித்துக் காட்டினாள். தலைமைப் பரிசாரகராக நியமனம், திங்கள் எட்டு மணி, வெள்ளைச் சட்டை ஹோட்டல் தரும்.

"அவரு சொன்னாரு, வேண்டாமெண்டு வந்திட்டாம்," என்றாள் அசனா.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. இவரு கேட்டிரிக்காரு."

பூரணி குடையை மடித்து நிலத்தில் ஊன்றிக்கொண்டாள். பிறகு, அந்தத் தாளை முகாமையாளர் இரண்டாம் முறை பார்க்கவேயில்லை என்று சொன்னாள். தண்ணீர்க் கோப்பைதான் அவர் பார்த்தது. மாஸ்டருடைய கால் துடித்த துடிப்புக்கு ஒரு துளியாவது சிந்துமென்று எதிர்பார்த்தாராம். 'லெட் யூ நோ' என்றால் அவருக்கு லெட் யூ நோதான். அறிவிப்பேன் என்றார், அறிவித்தார். கொழும்பிலிருந்து வந்த தமிழர், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த ஆங்கிலம்.

பின்னேர லாஞ்சில் அசனா சொல்லியனுப்பினாள். செய்தி மூதூரில் கலீலுர் றஹ்மானிடம் போய், செவ்வாய் பின்னேரம் அவர் வாயால் ஈச்சிலம்பற்று வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. மாஸ்டர் அப்போது வரம்பில் நடந்துகொண்டிருந்தார்.

"மச்சான், வேலை கிடைச்சிட்டாம். ராத்தா வரச் சொல்லுறா."

"வரச் சொன்னவளா, வந்தா நல்லமெண்டு சொன்னவளா?"

கலீலுர் றஹ்மான் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "மச்சான், நான் நெல்லு விக்கிறவன். வாங்கண்டு சொன்னா வாறதுதான். பையை எடுங்க."

புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு முனாப் மாஸ்டர் ஹோட்டலுக்குள் வந்தார். தலைமயிரில் வைக்கோல் தூசு. கனகசுந்தரம் வாசலில் எதிர்ப்பட்டார். மாஸ்டர் மன்னிப்புக் கேட்டார். இரண்டு விதமாகக் கேட்டார், எது பொருந்துமென்று அவருக்குத் தெரியவில்லை. கனகசுந்தரம் 'நெவர் மைண்ட்' என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மாஸ்டர் பூரணியின் மேசைக்கு வந்தார். மேசையின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், திரும்ப இந்தப் பக்கம்.

"பிள்ளை, 'நெவர் மைண்ட்' எண்டிட்டுப் போறார். அது பரவாயில்லை எண்டதுமாகும், இனி உன்ர முகத்தில முழிக்கத் தேவையில்லை எண்டதுமாகும். குரலை நீங்க கேட்டீங்களா? எப்பிடி இருந்தது?"

"இருங்கோ மாஸ்டர்."

"இருக்க ஏலாது. சொல்லுங்க."

பூரணி சொன்னாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மாஸ்டருக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தாள். நேற்றுப் பின்னேரம் இன்று மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொழும்பிலிருந்து இருபது பேர் வருவதாகத் தந்தி வந்தது. அதற்கு மேல் முகாமையாளரால் பொறுக்க ஏலவில்லை. தலைமைப் பரிசாரகர் வேலை இராசதுரைக்குப் போய்விட்டது. கடற்படையில் மாஸ்டருக்குக் கோப்பை கழுவிக் கொடுத்த அதே இராசதுரை, அவரும் விண்ணப்பம் போட்டிருந்தாராம். இரண்டாவது பரிசாரகர் இடம் காலியாக இருக்கிறது.

கடற்படை போன பிறகு முதன்முறையாக மாஸ்டர் ஓரிடத்தில் நின்றார்.

"இரண்டாவது இடத்தை எனக்குத் தரச் சொன்னவரா, நான் கேட்டால் தரலாமெண்டவரா? அவர் சொன்ன வசனத்தைச் சொல்லுங்க பிள்ளை. அப்பிடியே சொல்லுங்க."

"சொல்ல மாட்டன்."

"ஏன்?"

"சொன்னா நீங்கள் திரும்பவும் மூதூருக்குப் போயிருவீங்கள்." பூரணி மேசை லாச்சியைத் திறந்து, மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "வேலை இருக்கு. இராசதுரையருக்குக் கீழதான். வேணுமோ வேண்டாமோ? ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லையெண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டும் சொல்லாதேங்கோ."

சாப்பாட்டு அறையில் இருபது பேருக்குக் கதிரை இழுக்கிற சத்தம் கேட்டது. இராசதுரை யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். புதுப் பதவியின் குரல், கொஞ்சம் கூடுதலான குரல். மாஸ்டர் அதைக் கேட்டார். மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இன்னும் அரை நடை நடந்து பாதியில் திரும்பினார்.

"ஓம்," என்றார்.

சட்டை தோளில் சரியாக இருந்தது, கை கட்டையாக இருந்தது. பொத்தான் போட்டுக்கொண்டே குசினிக்குள் போனார். இராசதுரை அவரைக் கண்டு ஒரு கணம் பழைய பழக்கத்தில் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு நினைவு வந்து, ஜன்னலடி மேசைக்கு ஆறு சூப் என்றார். முனாப் மாஸ்டர் இரண்டு கையிலும் கோப்பைகளை ஏந்திக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகு பதினொரு வருடம், இரண்டாவது பரிசாரகராக, அவர் ஒரு துளியும் சிந்தவில்லை.